அடிநீர் ஆட்டம்: பருவநிலை மாற்றத்தையும் தண்ணீர் நியாயத்தையும் ஊராரோடு விளையாடிப் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து பேர், ஒரு பாய், கொஞ்சம் புளியங்கொட்டை, ஒரு மஞ்சப்பை. இவ்வளவு இருந்தால் நிலத்தடி நீர் எப்படித் தீர்கிறது, மழை மாறினால் என்ன ஆகும், தீரும்போது யார் வீட்டில் முதலில் தீரும் என்று மூன்றையும் ஒரே உட்காரலில் காட்டிவிடலாம். கொங்கு நாட்டுத் தோட்டத்துப் பண்ணையத்தை மனதில் வைத்து அமைத்த ஆட்டம் இது. நான்கு ஆட்டம், பிறகு ஒரு பேச்சு. டீ குடிக்கும் நேரத்தோடு சேர்த்து மூன்று மணி நேரம்.

புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் விதிகளில் தடுமாறுவதில்லை, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னாலும், பின்னால் சொல்ல வேண்டியதை முன்னாலும் சொல்லி ஆட்டத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒருமுறை நடத்திப் பாருங்கள். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றுவதை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாம்.

1. ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போய் வாருங்கள்

மூன்று செய்திகள் கையில் வேண்டும். அந்த ஊரில் தண்ணீர் அதிகம் குடிக்கும் பணப்பயிர் எது, குறைவாகக் குடிக்கும் பயிர் எது? போர் எத்தனை அடிக்குப் போயிருக்கிறது? குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது?

இந்த வழிகாட்டியில் மஞ்சளும் சோளமும் வைத்திருக்கிறோம். ஈரோட்டுப் பக்கம் இது சரி. கோபிப் பக்கம் கரும்பு, பொள்ளாச்சி உடுமலைப் பக்கம் தென்னை, நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்று பெயரை மாற்றுங்கள். கணக்கை மாற்ற வேண்டாம். தங்கள் ஊரில் விளையாத பயிரின் பெயரைச் சொன்னால் ஆடுபவர்கள் அதை வெறும் ஆட்டமாகவே பார்ப்பார்கள்.

நாளைப் பார்த்துக் குறியுங்கள். மஞ்சள் வெட்டு நடக்கும் தை, மாசியில் யாரும் வரமாட்டார்கள். சந்தை நாளும் ஆகாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பிற்பகலில் வருவார்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இரு தரப்பும் வேண்டுமென்றால் ஞாயிறு மதியம் மூன்று மணி.

இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோயில் மண்டபம் நிழலாக, விசாலமாக இருக்கிறதென்று அங்கேயே பாய் விரித்துவிடுகிறார்கள். ஊரில் ஒரு தெருக்காரர்கள் அந்த மண்டபத்தில் ஏறத் தயங்குவார்கள் என்றால், நியாயத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அரசுப் பள்ளி வளாகம், ஊராட்சிக் கட்டடம், புளியமரத்தடி என எல்லாரும் தயங்காமல் வந்து உட்காரும் இடமாகப் பாருங்கள். எது அப்படிப்பட்ட இடம் என்று ஊர்த் தலைவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள், கடைசித் தெருவிலும் கேளுங்கள்.

2. பொருட்கள்

ஒரு பாய்க்குத் தேவையானவை: புளியங்கொட்டை 80 (இதுதான் தண்ணீர்), சிவப்பு நகப்பூச்சு பூசிக் காயவைத்த புளியங்கொட்டை 10, கொண்டைக்கடலை 200 (இதுதான் பணம், இனிமேல் கடலை என்றால் இதுதான்), ஒரு அகலத் தட்டு, ஒரு மஞ்சப்பை, இரண்டு மழைச்சீட்டுக் கட்டு, ஐந்து குடும்பச் சீட்டு, கடன் சீட்டுக்குச் சிவப்புத் தாள் 15 துண்டு, ஒரு நோட்டு.

ஒவ்வொரு பாய்க்கும் கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். ஐந்து பாய்களுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம், சத்தத்தில் யார் சொல்வதும் கேட்காது.

மழைச்சீட்டுகளைக் கட்டுக்குப் பத்தாகக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

பழைய மழை: நல்ல மழை 3 சீட்டு (10 கொட்டை ஊறும்), நடுத்தர மழை 5 சீட்டு (8 ஊறும்), வறட்சி 2 சீட்டு (3 ஊறும்).

புது மழை: நல்ல மழை 1, நடுத்தர மழை 3, வறட்சி 3, கொட்டித் தீர்த்த மழை 3 (5 மட்டும் ஊறும், அந்த ஆண்டு போட்ட மஞ்சள் கிழங்கழுகலில் போய் 5 கடலைக்குப் பதில் 2 தான் கிடைக்கும்).

சீட்டுகளைப் பளபளப்பாக அச்சடிக்கத் தேவையில்லை. ஊர்க்காரர்கள் அடுத்த முறை தாங்களே நடத்த வேண்டுமென்றால், பொருட்கள் அவர்கள் வீட்டிலேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும்.

3. விதியும் ஓர் ஆண்டின் வரிசையும்

தட்டில் 50 கொட்டை போடுங்கள். ஐந்து குடும்பத்துக்கும் அடியில் இருக்கும் நீர் இது ஒன்றுதான். எவ்வளவு மழை பெய்தாலும் 60-க்கு மேல் நிரம்பாது.

சோளம் போட்டால் 1 கொட்டை எடுக்க வேண்டும், 2 கடலை கிடைக்கும். மஞ்சள் போட்டால் 3 கொட்டை எடுக்க வேண்டும், 5 கடலை கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு பயிர்தான்.

ஆண்டின் வரிசை: எல்லாரும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து முடிவு செய்கிறார்கள். "விதை" என்றதும் சேர்ந்து கையை நீட்டுகிறார்கள், ஒரு விரல் சோளம், மூன்று விரல் மஞ்சள். பிறகு உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி கொட்டையை எடுக்கிறார்கள். முதலில் எடுப்பவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். அதன்பின் மழைச்சீட்டைத் திருப்பி, ஊறும் கொட்டையைத் தட்டில் சேர்த்து, கடலையைக் கொடுத்து, மிச்சக் கொட்டையை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். எடுத்த கொட்டை தட்டுக்குத் திரும்பாது, கணக்குப் பார்ப்பவரிடம் போகும். தட்டில் போதுமான கொட்டை இல்லாதவருக்கு அந்த ஆண்டு விளைச்சல் இல்லை.

மழைச்சீட்டை விதைப்புக்கு முன் திருப்பிவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. மழை தெரிந்த பிறகு விதைக்கிற வாய்ப்பு எந்தக் குடியானவருக்கும் இல்லை. சீட்டு முன்னால் திரும்பினால் ஆட்டம் வெறும் கூட்டல் கழித்தல் ஆகிவிடும்.

4. முதல் ஆட்டம்: பேசக்கூடாது

பழைய மழைக் கட்டு, எட்டு ஆண்டு, 25 நிமிடம். ஆடுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது.

இங்கே நடத்துபவர் வாயைக் கட்டிக்கொள்வதுதான் முக்கியம். பருவநிலை மாற்றம், தண்ணீர்ச் சிக்கனம் என்று ஒரு சொல்லும் வேண்டாம். தொடங்கும்போதே "தண்ணியைச் சேமிக்கணுமுங்க" என்று சொல்லிவிட்டால், உங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக எல்லாரும் சோளம் போடுவார்கள். கிணறு வற்றாது, யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐவரும் மஞ்சள் போட்டால் ஆண்டுக்கு 15 கொட்டை போகும், சராசரியாக 7.6 ஊறும். ஆறாவது ஆண்டில் தட்டு வற்றும். வற்றும்போது யாரையும் பார்த்து "பாத்தீங்களா" என்று சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிவிட்டு அடுத்த ஆண்டைத் தொடங்குங்கள்.

5. இரண்டாம் ஆட்டம்: பேசலாம்

அதே கட்டு, அதே 50 கொட்டை. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேச விடுங்கள். ஒப்பந்தம் போடலாம், மீறுபவருக்கு என்ன தண்டனை என்பதையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதைக்கும் முடிவு முதுகுக்குப் பின்னால்தான், அதில் மாற்றமில்லை.

பெரும்பாலான பாய்களில் 'முறை' வைப்பார்கள்: இந்த ஆண்டு இரண்டு பேர் மஞ்சள், அடுத்த ஆண்டு வேறு இரண்டு பேர். நீங்கள் அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலமாகப் பிரித்து முறைத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தானாகவே வரும். இரண்டு பேர் மஞ்சள், மூன்று பேர் சோளம் என்றால் ஆண்டுக்கு 9 கொட்டை. எட்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய 39 மிச்சமிருக்கும்.

முறையை ஒருவர் மீறும் கணம் வரும். கை நீளும், மூன்றாவது ஆளும் மூன்று விரல் காட்டியிருப்பார்.

"ஏனுங் மாமா, போன வருசமும் நீங்கதானுங்களே மஞ்ச?"

"இந்த ஒரு வருசந்தாங் கண்ணு. புள்ளைக்குக் காலேஜு பீஸு கட்டோணும்."

விதிமீறல் என்று நடுவில் புகுந்து நிறுத்தாதீர்கள். இந்த இரண்டு வரியையும் அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு நடக்கும் பேச்சுக்கு இதுதான் விதைமுதல். ஒப்பந்தத்தை உடைப்பது பேராசை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள், பெரும்பாலும் அது ஒரு பீஸ், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கல்யாணம்.

6. மூன்றாம் ஆட்டம்: மழை மாறுகிறது

புது மழைக் கட்டை எடுங்கள். கட்டு மாறியதைச் சொல்லுங்கள், எப்படி மாறியது என்று சொல்ல வேண்டாம். இரண்டாம் ஆட்டத்தில் போட்ட ஒப்பந்தத்தையே வைத்து ஆடட்டும்.

சராசரி ஊற்று 7.6-லிருந்து 5.8-க்கு இறங்கியிருக்கிறது. போன ஆட்டத்தில் 39 மிச்சம் வைத்த அதே ஒப்பந்தம் இப்போது 24 தான் வைக்கும். ஒப்பந்தமே இல்லாமல் எல்லாரும் மஞ்சள் போட்டால் தட்டு ஐந்தாம் ஆண்டிலேயே வற்றும். நேற்றைய மழைக்கு வைத்த முறை இன்றைய மழைக்குப் போதாது என்பதை அவர்கள் கையே கண்டுபிடித்துவிடும்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் விளக்கம், அதுவும் ஐந்து நிமிடம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி பாறைப் பூமி. தண்ணீர் தங்குவது பாறையின் வெடிப்புகளிலும் அதற்கு மேலே உள்ள சிதைந்த பாறையிலும்தான். மூன்று நாள் நின்று பெய்யும் மழை உள்ளே இறங்கும். மூன்று மணி நேரத்தில் கொட்டும் மழை பள்ளத்தில் ஓடிவிடும். மழையளவு மாறாமலே ஊற்று குறைவது இப்படித்தான்.

வறட்சிக்கு 2016-ஐ நினைவூட்டுங்கள். அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது, 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. தென்னை காய்ந்ததைச் சொல்ல ஒவ்வொரு பாயிலும் ஆள் இருப்பார். அவரைப் பேச விட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நேரம் போதவில்லையென்றால் இந்த மூன்றாம் ஆட்டத்தைக் குறைத்து நாலு ஆண்டு ஆடுங்கள். அடுத்து வரும் இரண்டிலும் கை வைக்காதீர்கள்.

7. நான்காம் ஆட்டம்: தொடக்கமே சமமில்லை

முதல் மூன்று ஆட்டத்திலும் ஐவரும் சமம். ஊரில் அப்படி இல்லை. இப்போது குடும்பச் சீட்டைக் குலுக்கிக் கொடுங்கள். கொட்டைகளைத் தட்டிலிருந்து மஞ்சப்பைக்கு மாற்றி, பார்க்காமல் கைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மிச்சம் என்பதைக் கணக்குப் பார்ப்பவர் மட்டும் சொல்வார்.

பெரிய தோட்டம்: 1,000 அடி போர், கடைசிக் கொட்டை வரை எடுக்கலாம். தொடக்கத்தில் 10 கடலை.

சின்னத் தோட்டம்: 500 அடி போர், பையில் 15-க்குக் கீழ் இருந்தால் எடுக்க முடியாது. 5 கடலை.

கிணற்றுக்காரர்: வெட்டுக் கிணறு மட்டும், 25-க்குக் கீழ் இருந்தால் எடுக்க முடியாது. 3 கடலை.

குத்தகைக்காரர்: அதே கிணற்று விதி, விளைச்சலில் சோளத்துக்கு 1, மஞ்சளுக்கு 2 கடலை நிலத்துக்காரருக்குப் போகும் (கணக்குப் பார்ப்பவரிடம் கொடுக்கலாம்). 2 கடலை.

கூலிக் குடும்பம்: நிலமில்லை. மஞ்சள் விளைந்த தோட்டம் ஒவ்வொன்றுக்கும் 1 கடலை கூலி. குடிக்க ஆண்டுக்கு 1 கொட்டை எடுக்க வேண்டும். பையில் 15-க்குக் கீழ் போனால் 1 கடலை கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டும். 2 கடலை.

கொட்டை எடுக்கும் வரிசை இந்தச் சீட்டு வரிசைதான், மாறாது. எல்லாரும் ஆண்டுக்கு 1 கடலை வீட்டுச் செலவுக்குக் கட்ட வேண்டும். முடியாதவருக்கு ஒரு கடன் சீட்டு. புது மழைக் கட்டு, எட்டு ஆண்டு, 45 நிமிடம்.

சீட்டு யாருக்கு வந்தாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவரவர் சொந்த வாழ்க்கைச் சீட்டு அவரவருக்கே வரக்கூடாது. கூலிக்குப் போகிற அம்மாவுக்குக் கூலிச் சீட்டே வந்தால், அவர் முக்கால் மணி நேரம் தன் கஷ்டத்தை ஊர் முன்னால் நடித்துக் காட்ட வேண்டியதாகிவிடும். மாற்றிக் கொடுங்கள். பெரிய தோட்டத்துக்காரர் கூலிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு யார் மஞ்சள் போடுவார்கள் என்று மற்ற நாலு பேர் முகத்தையும் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த எட்டு ஆண்டில் நடப்பதை எந்தச் சொற்பொழிவும் செய்யாது. இன்னொன்று: நிஜத்தில் ஒருவர் தோட்டத்தில் இன்னொருவர் வேலை செய்கிறார் என்றால் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்காதீர்கள். வாய் திறக்காது.

கணக்கைப் பாருங்கள். நிலமுள்ள நால்வரும் மஞ்சள் போட்டால், சராசரி மழையில் நாலாவது ஆண்டுத் தொடக்கத்தில் பையில் 28 இருக்கும். பெரிய தோட்டம் 3, சின்னத் தோட்டம் 3 எடுத்ததும் 22. கிணற்றுக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் அந்த ஆண்டே கதவு மூடிவிட்டது. அதன்பிறகு இருவர் மஞ்சளும் ஒரு குடிதண்ணீரும் சேர்ந்து ஆண்டுக்கு 7 கொட்டை போகிறது, ஏறக்குறைய 6 வருகிறது. முதல் இருவரும் கடைசி வரை மஞ்சள் போடுவார்கள். பை வற்றவே வற்றாது, ஆனால் இரண்டு குடும்பம் திரும்பி வரவும் வராது.

இதை ஐந்தாம் ஆண்டு வாக்கில் யாராவது கண்டுபிடிப்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 27 இருக்கிறதே, கிணற்றுக்காரர் முதலில் எடுத்தால் சோளமாவது போடலாமே என்பார்கள். எடுக்கும் வரிசையை மாற்ற நால்வர் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று அப்போது சொல்லுங்கள். அதற்கு முன் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் ஆண்டு விதைப்புக்கு முன் ஓர் அறிவிப்பு: "மேற்கே சாயப்பட்டறை வந்திருக்குது. கூலிக் குடும்பத்துக்கும் குத்தகைக்காரருக்கும் இனி வருசம் 2 கடலை சம்பளம் வருது. சாயத்தண்ணி அடிநீரில் எறங்கீருச்சு." பையில் உள்ள 10 கொட்டையை எடுத்துவிட்டுச் சிவப்புக் கொட்டை பத்தைப் போடுங்கள்.

எடுத்ததில் ஒரு சிவப்பு வந்தாலும் சோளத்துக்கு 1, மஞ்சளுக்கு 2 கடலைதான். குடிக்க எடுத்தது சிவப்பாக இருந்தால் 1 கடலைக்குத் தண்ணீர் வாங்க வேண்டும். எடுத்த சிவப்புக் கொட்டை பைக்கே திரும்ப வேண்டும், அதற்குப் பதில் ஒரு நல்ல கொட்டையை வெளியே எடுத்து ஒதுக்குங்கள். புதியவர்கள் இந்தத் திருப்பிப் போடுதலை மறந்துவிடுகிறார்கள். பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். ஆண்டு போகப் போக உப்பின் பங்கு ஏறும். இது விட்டுப்போனால் நாலு ஆண்டில் மாசு தானாகத் தீர்ந்துவிடும் என்ற பொய்யை ஆட்டம் சொல்லிவிடும்.

ஒரு சிவப்புக் கொட்டையை நல்லதாக மாற்ற 1 கடலை என்று சொல்லி, யார் கொடுப்பது என்று மட்டும் கேளுங்கள். பெரிய தோட்டம் கொடுக்கட்டும், ஆளுக்குச் சமமாகப் போடுவோம், பட்டறையை மூடச் சொல்லுவோம், மூடினால் எங்கள் சம்பளம் போய்விடுமே என்று போகும். பட்டறைக்காரர் இந்தப் பாயில் உட்காரவே இல்லையே என்று ஒருவர் கேட்கும் வரை விடுங்கள். கேட்டால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தலாம், எட்டு ஆண்டு முடிய வேண்டியதில்லை.

8. பேச்சு: 40 நிமிடம்

எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொல்லுங்கள். கேள்வியின் வரிசை: என்ன நடந்தது? எந்த இடத்தில் கோபம் வந்தது? யாருக்கு முதலில் தண்ணீர் நின்றது? இது நம் ஊரில் எங்கே நடக்கிறது? கூலிச் சீட்டு வைத்திருந்தவரிடமிருந்து தொடங்குங்கள். பெரிய தோட்டம் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்வதோடு நின்றுவிடுவார்கள். எந்தப் பயிர் நல்லது என்ற வாதமாகப் போனால், "எடுக்கும் வரிசையை யார் வைத்தது?" என்று கேட்டுத் திருப்புங்கள்.

ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கும்போது உண்மைச் செய்திகளைக் கொடுங்கள். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று, வேலூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கழிவு நீரே வெளியேறாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அப்போது வேலையிழந்தவர்களும் இதே வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம், மறந்துவிடாதீர்கள். ஆற்றோரத்துக் குடியானவருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் சண்டை மூட்டிவிட்டு வருவது இந்த ஆட்டத்தின் நோக்கம் அல்ல. இருவர் தலையிலும் செலவு எப்படி விழுந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு டிடிஎஸ் மீட்டர் கொண்டு போங்கள். அவரவர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி அங்கேயே அளக்கலாம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். குறைந்த எண் வந்தால் தண்ணீர் சுத்தம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஃப்ளோரைடு, கன உலோகம், கிருமி எல்லாவற்றுக்கும் ஆய்வகம்தான்.

9. பேசியதை ஊராட்சி நோட்டில் ஏற்றுங்கள்

கலையும் முன் ஒரே ஒரு கோரிக்கையை எழுதி முடியுங்கள். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. "நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்" என்பது கோரிக்கை ஆகாது. எந்தக் குட்டை, புல எண் என்ன, என்ன வேலை, எந்த மாதத்துக்குள் என்று இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் வர வேண்டும். அந்தப் பகுதி ஊர் என்றால், தங்கள் குட்டை அதில் இருக்கிறதா, இருந்தும் தண்ணீர் வராமல் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதே நல்ல கோரிக்கை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்று தண்ணீர்ப் பேச்சுக்கு இடம் கிடைக்கும். ஆட்டத்தை அதற்கு மூன்று வாரம் முன்னால் வைத்துக்கொண்டால் புல எண்ணைத் தேடி எடுக்க நேரம் இருக்கும். தீர்மானம் நோட்டில் எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் படிப்பது கூலிச் சீட்டு பிடித்தவராக இருக்கட்டும், அவர் நிஜத்தில் யாராக இருந்தாலும்.

10. மீதமுள்ள தவறுகள்

வெற்றி பெற்றவருக்குப் பரிசு வைக்காதீர்கள். குடமோ தட்டமோ கண்ணில் பட்டால் எல்லாரும் கடலையை எண்ணத் தொடங்குவார்கள், பக்கத்தில் இருப்பவரை யாரும் பார்க்கமாட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கலக்காதீர்கள். பிள்ளைகளுக்கு முதல் மூன்று ஆட்டம் போதும், ஆண்டை ஆறாகக் குறையுங்கள்.

கடன் சீட்டோடு உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து ஒருமுறை போங்கள். பாயை விரிக்க வேண்டாம். கணக்குப் பார்த்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆட்டத்தில் மீறிய அந்த மாமா பிறகு என்ன சொன்னார், குட்டை வேலை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த ஆட்டத்தை யார் நடத்துவார்கள் என்று கேளுங்கள். நோட்டையும் கொட்டையையும் அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.